மரக் கோபுரத்தின் வயது

எங்கள் கோபுரத்தின் இறவாரங்களில் எத்தனை மணிகள் தொங்குகின்றன என்று யார் கேட்டாலும் நூற்று நான்கு என்றுதான் சொல்வேன். எண்ணிப் பார்த்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் ஒரு ராணுவ அதிகாரி கேட்டார். தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. வாயில் வந்தது நூற்று நான்கு. இப்போது அது வாசல் பலகையில் இருக்கிறது. எங்கள் வட்டத்துப் பிள்ளைகளின் பாடத்தில் இருக்கிறது. நீங்கள்கூடச் சின்ன வயதில் மனப்பாடம் செய்திருப்பீர்கள், தோழர். யான்ச்சியாவில் பிறந்தவர்தானே?

கோபுரத்தின் மூன்றாவது மறைதளத்தில் வடக்கு உத்தரத்தை இழைப்புளியால் சீவியது யார் என்று விசாரிக்க வந்திருக்கிறீர்கள். நான்தான். தோங் ஜிங்ஹே, வயது அறுபத்தொன்று. இவ்வளவு சீக்கிரம் பதில் வரும் என்று நீங்கள் எதிர்பார்க்கவில்லை என்று தெரிகிறது, அதற்குள் பேனாவை மூடிவிட்டீர்கள். திறந்தே வையுங்கள். என் மனைவி யூயே சொல்வாள், "உங்ககிட்ட மணி என்னன்னு கேட்டா, கடிகாரம் செஞ்சவனோட பேரன் கல்யாணம் வரைக்கும் சொல்லிட்டுத்தான் விடுவீங்க." அவள் சொல்வது சரி. முப்பத்தேழு வருடம் ஜனங்களைக் கீழ்த்தளத்திலிருந்து மேலே கூட்டிப்போய்ப் பழகிவிட்டேன். பாதியில் நிறுத்தத் தெரியாது.

நான் கோபுரத்துக்கு முதலில் போனது அதை உடைப்பதற்கு. 1966, பழையதையெல்லாம் உடைக்கச் சொன்ன புரட்சிக் காலம். பதினெட்டு வயது. கையில் சிவப்புப் பட்டை கட்டிக்கொண்டு ஒன்பது பேர் போனோம். சம்மட்டி என் தோளில். கீழே இருக்கும் பெரிய புத்தரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், மேலேயிருந்து தொடங்குவோம் என்று நான்தான் சொன்னேன். இரண்டாம் தளத்துக்கு ஏறும்போது படிப்பலகையின் இடுக்கு வழியாகத் தரை தெரிந்தது. என் இரண்டு முழங்காலும் தனித்தனியாக ஆடத் தொடங்கின. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் படியில் ஓர் ஆள்தான் போக முடியும். என்னைத் தாண்டி யாராலும் ஏற முடியவில்லை. பின்னாலிருந்தவர்கள் திட்டினார்கள், கிள்ளினார்கள், ஒருவன் என் செருப்பைப் பிடுங்கிக் கீழே எறிந்தான். நான் நகரவில்லை. நகர முடியவில்லை. மத்தியானம் ஆனது, பசித்தது, எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

என் புத்தகத்தில் எழுபத்தொன்றாம் பக்கத்தைப் பாருங்கள். 'அந்தக் கொந்தளிப்பான நாளில் ஓர் இளைஞர் தம் உடலையே தடுப்பாக வைத்துக் கோபுரத்தைக் காத்தார்.' இதில் எந்தச் சொல் பொய் என்று சொல்லுங்கள். ஒன்றுமில்லை. அந்தப் பெயரை வைத்துத்தான் 1972-இல் எனக்குப் பழம்பொருள் அலுவலகத்தில் வேலை கிடைத்தது.

வேலை கிடைத்த பிறகு கோபுரம் எனக்குப் பிடித்துப்போனது. வெளியிலிருந்து பார்த்தால் ஐந்து தளம். உள்ளே, ஒவ்வொரு இரண்டு தளத்துக்கும் நடுவில் ஜன்னல் இல்லாத ஒரு மறைதளம் இருக்கிறது, குறுக்கும் நெடுக்குமாக உத்தரங்களும் தாங்குகட்டைகளும். கோபுரத்தின் பலமே அந்த இருட்டில்தான் இருக்கிறது. நிலநடுக்கம் வந்தபோது நகரத்தின் பாதி வீடுகள் படுத்துவிட்டன, கோபுரம் மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. படைத்தலைவர்கள் சண்டை போட்ட காலத்தில் பீரங்கிக் குண்டு இரண்டாம் தளத்தில் புகுந்து மறுபக்கம் போனது. இடி இரண்டு தடவை உச்சியில் விழுந்திருக்கிறது. ஆணியே இல்லாத கோபுரம் என்று பயணிகளிடம் சொல்வேன். ஆணி இருக்கிறது. நான் அடித்ததே முப்பது இருக்கும். மேற்கிலிருந்து மணல்காற்று வீசினால் முழுக் கோபுரமும் முனகும், கிழவர் ஒருவர் படுக்கையில் புரண்டு படுப்பதுபோல. அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு மனசு நிறையும்.

ஒரு குறை இருந்தது. வயது. லியாவ் அரசர் காலம், ச்சிங்நிங் எட்டாம் ஆண்டு, அதாவது 1062 என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆதாரம்? ஊர்க் குறிப்பேடு ஒன்றில் ஒரே ஒரு வரி, அதுவும் கோபுரம் கட்டி ஐந்நூறு அறுநூறு வருடம் கழித்து யாரோ கேள்விப்பட்டு எழுதியது. மாகாணத் தலைநகரிலிருந்து வரும் அறிஞர்கள் தாங்குகட்டையைத் தட்டிப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். "மிங் காலமாக்கூட இருக்கலாம், தோங்" என்பார்கள். நானூறு வருடத்தை ஒரு உதட்டுப் பிதுக்கலில் தள்ளிவிடுவார்கள். அவர்களுக்கு நான் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்து, பேருந்து நிலையம்வரை பெட்டியும் தூக்கிக்கொண்டு போவேன்.

ஆகவே புத்தகம் எழுதினேன். 'யான்ச்சியாவ் மரக் கோபுரத்தின் தொள்ளாயிரம் ஆண்டுகள்.' ஆறு வருட உழைப்பு. 1985-இல் அச்சுக்குப் போயிருந்தது. அந்த வசந்தத்தில் மறைதளங்களில் புறா எச்சம் சுரண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது மறைதளத்தின் வடக்கு உத்தரத்தில், எச்சத்துக்கு அடியில் மை எழுத்து. துடைத்துப் படித்தேன். 'ஜெங்தோங் பதின்மூன்றாம் ஆண்டு, ஏழாம் மாதம். தச்சர் மியாவும் அவர் ஆட்களும் எட்டுத் தூண்களை எழுப்பி முடித்தோம்.'

ஜெங்தோங் பதின்மூன்று என்றால் 1448. மிங் காலம். எங்கள் கோபுரம் எட்டுப் பட்டை, எட்டு மூலைத் தூண். எட்டுத் தூண்களை எழுப்பி முடித்தார்கள் என்றால் கோபுரத்தை எழுப்பி முடித்தார்கள் என்று அர்த்தம். வேறென்ன அர்த்தம்?

உத்தரத்தின் மறுபக்கம் சுவரைப் பார்த்து இருந்தது. நடுவில் ஒரு சாண் இடைவெளி. கையை விடலாம், தலையை விட முடியாது. அந்தப் பக்கமும் ஏதாவது எழுதியிருக்குமா என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருக்கலாம். எது என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கொட்டகையிலிருந்து இழைப்புளியை எடுத்துவந்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு பழைய மரம், ஆனால் மேல்தோல் சீவியதும் நேற்று வெட்டிய பைன் மாதிரி மணந்தது. சுருள்களைக் கூட்டி அள்ளி அடுப்பில் போட்டேன். நன்றாகப் பற்றிக்கொண்டது. அதில் தேநீர் வைத்துக் குடித்தேன்.

இவ்வளவுதான் நீங்கள் கேட்க வந்தது. மீதியைக் கேட்காமலும் போகலாம். ஆனால் பெய் மான்ஷுவின் நோட்டுப் புத்தகம் இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. எப்படியும் நீங்கள் அவளைப் பற்றிக் கேட்பீர்கள். அதற்கு இன்னொரு நாள் உங்களை அலைக்கழிக்க வேண்டாம்.

மான்ஷு 1991 இலையுதிர் காலத்தில் தலைநகரிலிருந்து அளவெடுக்க வந்தாள். முப்பத்துநான்கு வயது. ஒரு துணிப் பை, அதில் அளவு நாடா, தூக்குக் குண்டு, டார்ச் லைட், பவுடர் டப்பாவின் சின்னக் கண்ணாடி. பவுடர் பூசி நான் பார்த்ததில்லை. கண்ணாடி எதற்கு என்று கேட்டேன். "தலை நுழையாத இடத்துல கண்ணாடி நுழையும் அண்ணே" என்றாள். இருபது வருடமாகக் கோபுரத்தில் இருக்கிறவன் நான். ஒரு கண்ணாடி கொண்டுபோகலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

மூன்று வாரம் இருந்தாள். மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. யூயே ஓட்ஸ் மாவில் நூடுல்ஸ் உருட்டி வேகவைத்து, ஆட்டுக்கறிக் குழம்பும் காடியும் வைப்பாள். மான்ஷு காடியை அப்படியே குடிப்பாள். என் புத்தகத்தை வாங்கி, பென்சிலால் ஓரமெல்லாம் குறித்து வைத்திருந்தாள்.

"அண்ணே, மணியெல்லாம் எண்ணிட்டேன். தொண்ணூத்தாறுதான் இருக்கு."

"காத்துல விழுந்திருக்கும்" என்றேன்.

"எட்டு மணியா?"

"போன வருஷம் பெரிய காத்து."

யூயே வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மான்ஷு சிரிக்காமல் தலையாட்டி, நோட்டில் எழுதினாள். எட்டிப் பார்த்தேன். 'மணிகள் 96. தோங் அண்ணன் கணக்கில் 104. காற்று.' அவளை எனக்குப் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். ரொம்பப் பிடிக்கும். எங்கள் வீட்டில் யாரும் என் புத்தகத்தைப் படித்ததில்லை. அவள் இரண்டு முறை படித்திருந்தாள்.

அந்த நாள் காலை மூன்றாவது மறைதளத்தில் வேலை பார்த்தாள். மத்தியானம் முகம் முழுக்கத் தூசியோடு வந்து உட்கார்ந்தாள். கண் பளபளவென்று இருந்தது.

"அண்ணே, வடக்கு உத்தரத்துல எழுத்து இருந்திருக்கு. எவனோ ஒரு மடையன் இழைச்சு எடுத்திருக்கான்."

நான் நூடுல்ஸைக் காடியில் தோய்த்துக்கொண்டிருந்தேன்.

"அதையும் உருப்படியா இழைக்கல" என்றாள். "குரங்கு கையில இழைப்புளி குடுத்த மாதிரி. மை உள்ள இறங்கியிருக்கு. டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சா ரெண்டு எழுத்து இன்னும் தெரியுது. ஜெங்தோங்."

"ஜெங்தோங்கா?"

"ஆமா. ஆனா விஷயம் அது இல்ல. பின்பக்கம் முழுசா இருக்கு, யாரும் தொடல. கண்ணாடில பாதி பார்த்தேன், பேட்டரி போயிடுச்சு. புது பேட்டரி வாங்கிட்டு இப்பவே மேல போறேன்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க புத்தகத்தைத் திருத்தி எழுத வேண்டியிருக்கும் அண்ணே. தயாரா இருங்க."

"என்ன எழுதியிருக்கு, சொல்லேன்."

"முழுசாப் படிச்சிட்டுச் சொல்றேன். பாதியைப் படிச்சிட்டுப் பேசறது எனக்குப் பிடிக்காது."

அந்தச் சிரிப்பை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கோபுரத்தின் நானூறு வருடத்தை வெட்டிப்போட்டுவிட்டு ஒருத்தி என் வீட்டுக் காடியைக் குடிக்கிறாள் என்றுதான் புரிந்துகொண்டேன். மடையன், குரங்கு என்று சொன்னதற்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என்னை அதைவிட மோசமாகச் சொன்னவர்களுக்கெல்லாம் பெட்டி தூக்கியிருக்கிறேன்.

கோப்பில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், 'மறைதளத்தின் பலகை இற்றுப்போயிருந்ததால் ஏற்பட்ட விபத்து' என்று இருக்கும். அதில் தவறில்லை. பலகை இற்றுத்தான் போயிருந்தது. மழைத் தண்ணீர் இறங்கி அடிப்பக்கம் ரொட்டி மாதிரி ஆகியிருந்தது. மேலே பார்த்தால் தெரியாது.

எனக்குத் தெரியும். அந்த வருட வசந்தத்திலேயே என் கால் கொஞ்சம் இறங்கியது. மாற்ற வேண்டும் என்று ஹோவிடம், அதுதான் எங்கள் அலுவலகத் தலைவர், மனு எழுதிக் கொடுத்தேன். பலகை வரும்வரை அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துணியை அதன் மேல் ஆணியடித்து வைத்திருந்தேன். மான்ஷு வந்த முதல் நாளே காட்டினேன். "சிவப்பு இருக்கற இடத்துல கால் வைக்காதே." சரி அண்ணே என்றாள். மூன்று வாரமும் கவனமாகத் தாண்டித்தான் போனாள். அது அந்த வடக்கு உத்தரத்திலிருந்து இரண்டடி.

அவள் பேட்டரி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். நான் கோபுரத்துக்குப் போனேன். துணியைப் பிய்த்து எடுத்தேன். கைக்குட்டை அளவுதான் இருக்கும். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூட அவள் பலகையை நினைவு வைத்துத் தாண்டியிருப்பாள் என்று சொல்லலாம். மூன்று வாரம் பழகிய இடம். அதனால், பக்கத்தில் நல்லதாக இருந்த பலகை மேல் வேறொரு சிவப்புத் துணியை அடித்தேன். உண்டியல் பெட்டியைப் போர்த்தும் துணியிலிருந்து கிழித்தது. எனக்கு இந்த அளவுக்கு யோசனை வரும் என்று நானே எதிர்பார்க்கவில்லை. புத்தகம் எழுதும்போதெல்லாம் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டவன்.

அவள் வந்தாள், ஏறினாள். நான் மூன்றாம் தளத்தில், மறைதளத்துக்குப் போகும் படியடியில் நின்றேன். தலையில் இடித்துக்கொள்ளாதே என்று சொன்னேன். கால் விஷயம் சொல்லவில்லை.

 பென்சில் உரசும் சத்தம் கேட்டது என்று எனக்கு நினைவு. அவ்வளவு தூரத்திலிருந்து கேட்டிருக்காது. பிறகு அவள் சிரித்தாள், தனியாக. "தோங் அண்ணே, மேல வாங்க" என்றாள். நான் படியில் கால் வைக்கவில்லை. "அண்ணே, ஓடி வாங்க, நீங்களே பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க." மூன்றாவது முறை, "இருங்க, நானே வர்றேன்" என்றாள்.

உத்தரத்தை விட்டுத் திரும்பி, சிவப்பைத் தாண்டி, காலை வைத்தாள்.

மறைதளத்திலிருந்து மூன்றாம் தளத்துத் தரைக்கு ஐந்து மீட்டர். எனக்கு நாலடி தள்ளித்தான் விழுந்தாள். முதுகு போய்விட்டது என்று நினைக்கிறேன், கால் அசையவில்லை. கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நிம்மதியாக ஆனது அவள் முகம். அதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். ஆள் இருக்கிறார், இனிப் பயமில்லை என்கிற முகம்.

"முன்னூத்தி..." என்றாள். "அண்ணே, முன்னூத்தி எண்பத்தி..."

வலியில் ஏதோ எண்ணுகிறாள் என்று நினைத்தேன். "பேசாதே, ஆள் கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

கீழே தாதோங்கிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்கள் காத்திருந்தார்கள். இருபத்திரண்டு பேர், எல்லோரும் ஒரே மாதிரித் தொப்பி. வழிகாட்டி எங்கே என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் ஹோவின் அறைக்குப் போகத்தான் இறங்கினேன். ஒரு பெரியவர் என் கையைப் பிடித்து, "நாலு மணிக்கு எங்களுக்கு வண்டி, சீக்கிரம் சொல்லுங்க சார், கோபுரத்துக்கு என்ன வயசு?" என்றார்.

"தொள்ளாயிரத்து இருபத்தொம்பது" என்றேன். அதன் பிறகு வழக்கம்போல வந்துவிட்டது. லியாவ் அரசர், ஆணியில்லாத மரம், நிலநடுக்கம், பீரங்கிக் குண்டு. அன்று நன்றாகச் சொன்னேன். படியில் உட்கார்ந்து கோபுரத்தைக் காத்த இளைஞரைச் சொன்னபோது ஒரு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் தளத்தில் பழுதுபார்க்கிறார்கள், இரண்டோடு நிறுத்திக்கொள்வோம் என்றேன்.

இரண்டாம் தளத்தில் நிற்கும்போது மேலேயிருந்து சத்தம் வந்தது. தொப்பிக்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மேல யாரோ கூப்பிடற மாதிரி இருக்கே?"

"புறா" என்றேன். "மறைதளத்துல நிறைய இருக்கு. கேட்டா மனுஷக் குரல் மாதிரியே இருக்கும்."

அவர் மனைவி, "எங்க ஊர்ப் புறாவும் அப்படித்தான்" என்றார்.

அவர்களை வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. திரும்பி ஏறும்போது சத்தம் இல்லை. அப்போது நிஜமாகவே ஓடினேன். ஹோவின் அறைக்கு ஓடியபோது ஒரு செருப்பு கழன்று போனது. ஒற்றைச் செருப்போடு மூச்சிரைக்க நின்றதைப் பார்த்துவிட்டு, என் மீது யாருக்கும் ஒரு கேள்வியும் வரவில்லை.

"நீ வேணும்னா உட்காரு, தோங்" என்று ஹோ என்னைப் பிடித்துக்கொண்டார். "பலகைக்கு மனு குடுத்தியே, நான்தான் கிடப்புல போட்டேன். இது என் தலையில விடியும்." பாவம், அவர் அடுத்த வருடமே வேலையை விட்டுவிட்டார். ரொம்பக் குடித்தார் என்று கேள்வி. நான் ஒருமுறை போய்ப் பார்த்து ஆறுதல் சொன்னேன்.

நல்ல பலகையிலிருந்த துணியை எடுத்துவிட்டு, பழைய துணியை உடைந்த பலகையின் ஓரத்தில் மறுபடி அடிக்க அந்த ஓட்டத்திலும் மறக்கவில்லை. அவளைக் கீழே கொண்டுபோன சந்தடியில் செய்துவிட்டேன்.

மறுநாள் மேலே போனேன். உத்தரத்தின் பக்கத்தில் அவளுடைய கண்ணாடி கிடந்தது. உடையவில்லை. நோட்டு இல்லை, பையோடு போயிருக்கும் என்று நினைத்தேன். நீளக் காம்பு போட்ட உளியை அந்த ஒரு சாண் இடைவெளியில் விட்டுச் சுரண்டினேன். கண்ணுக்குத் தெரியாமல் சுரண்டியதால் நேரம் பிடித்தது. விரல் நுனியால் தடவித் தடவிப் பார்த்தேன், சொரசொரப்பாக இருக்கும்வரை சுரண்டினேன். இதை நன்றாகக் கவனித்துக்கொள்ளுங்கள், தோழர். கண்ணாடி என் சட்டைப்பையில் இருந்தது. டார்ச் இடுப்பில் இருந்தது. ஒரு நிமிடம் உள்ளே விட்டுப் பார்த்திருந்தால் படித்திருக்கலாம். படிக்கவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத்தான் தெரியுமே.

அந்தக் கண்ணாடியில்தான் இன்றைக்கும் முகம் மழித்தேன். நல்ல கண்ணாடி.

அவள் கணவர் அஸ்தியை வாங்கிக்கொள்ள வந்தார். யூயே அவருக்கு நூடுல்ஸ் வைத்தாள், அவரால் சாப்பிட முடியவில்லை. "கடிதத்துல எல்லாம் உங்களைப் பத்தித்தான் எழுதுவா" என்றார். அஞ்சலிக் கூட்டத்தில் நான் பேசினேன். எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசினேன், நன்றாக வந்தது. புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் முதல் பக்கம் அவளுக்கு: 'கோபுரத்தின் உண்மையைத் தேடி உயிர் தந்த தோழர் பெய் மான்ஷுவின் நினைவுக்கு.' அதை எழுதும்போது அழுதேன். நடிப்பில்லை. பார்க்க யாருமில்லை.

பதினெட்டு வருடம் போய்விட்டது. போன மாதம் பெரிய பழுதுபார்ப்பு தொடங்கியது. பொறியாளர் ஜாய் என்பவர் தலைமை. மூன்றாவது மறைதளத்தின் இரட்டைப் பலகைகளைக் கழற்றினார்கள். இரண்டு அடுக்குக்கும் நடுவில், அவள் விழுந்த ஓட்டைக்குப் பக்கத்தில், நோட்டு செருகிக்கொண்டு கிடந்தது. எலி ஓரத்தைக் கொஞ்சம் கடித்திருக்கிறது. கடைசிப் பக்கம் சுத்தமாக இருக்கிறது.

ஜாய் என் வீட்டுக்கே ஓடி வந்தார். நான் வாசலில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தேன். "தோங் ஐயா, உட்காருங்க, உட்கார்ந்துகிட்டே கேளுங்க" என்றார். உட்கார்ந்துதான் இருந்தேன். நோட்டைப் பிரித்து வாசித்தார். அவள் கையெழுத்து, பின்பக்க வாசகம்:

'இந்தக் கோபுரம் ச்சிங்நிங் எட்டாம் ஆண்டில் எழுந்தது. இன்றோடு முந்நூற்று எண்பத்தாறு ஆண்டுகள். மூன்றாம் தளத்துத் தூண்கள் நைந்துபோனதால் அவற்றை மட்டும் மாற்றினோம்.'

இதற்குப் பிறகு முன்பக்கம் வரும். ஜெங்தோங் பதின்மூன்றாம் ஆண்டு, தச்சர் மியாவ், எட்டுத் தூண்கள்.

ஆயிரத்து அறுபத்திரண்டோடு முந்நூற்று எண்பத்தாறைக் கூட்டினேன். மனக்கணக்கில் நான் சுமார்தான், விரல் விட்டு எண்ணினேன். ஆயிரத்து நானூற்று நாற்பத்தெட்டு. சரியாக இருந்தது. அதற்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: 'தோங் அண்ணன் சொன்னது சரி. இதுவரை யாரிடமும் இல்லாத சான்று. அவருக்கு முதலில் சொல்ல வேண்டும்.'

ஜாய் என் தோளைக் கட்டிக்கொண்டார். "வாழ்க்கை பூரா நீங்க சொன்னது நிஜம்னு ஆயிடுச்சு ஐயா. வாங்க, அந்த உத்தரத்தைப் போய்ப் படம் எடுப்போம்."

நானும் போனேன். என் முழங்காலுக்கு இப்போது படியேற முடியாது, இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போனார்கள். ஜாய் முன்பக்கம் பார்த்தார், இழைப்பு. பின்பக்கம் கண்ணாடி விட்டுப் பார்த்தார், உளித்தடம். கண்ணாடியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். "இதை யார் செஞ்சிருப்பாங்க?" என்று என்னைக் கேட்டார். என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. வரலாறு தெரிந்தவன் என்று கேட்டார்.

தலைநகர அறிஞர்கள் என்ன சொல்லிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். மூலம் இல்லாத நகல் சான்றாகாது, இறந்துபோன ஒருத்தியின் பென்சில் குறிப்பை வைத்து நானூறு ஆண்டைக் கொடுக்க முடியாது. வழக்கம்போல உதட்டைப் பிதுக்கியிருக்கிறார்கள். சரியான விடையை முதலில் எழுதிவிட்டு, அதை நிரூபிக்க இருந்த ஒரே தாளை அடுப்பில் போட்டுத் தேநீர் காய்ச்சியவனை நீங்கள் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. வெளியூர்க்காரன் யாராவது இப்படிச் செய்திருந்தால் பயணிகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

ஆக, உங்களுக்கு வேண்டியது: உத்தரத்தை இரண்டு தடவை சிதைத்தது நான். பலகை மேல் துணியை மாற்றியது நான். அவள் உயிரோடு கிடந்தது தெரிந்தும் கீழே நின்று கதை சொன்னது நான். பெய் மான்ஷுவைக் கொன்றது நான். எங்கே கையெழுத்து?

ஒரு நிமிடம். வாசித்துவிட்டுப் போடுகிறேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், கையெழுத்தும் தெளிவு. இங்கே ஒரு தப்பு இருக்கிறது. தொழில் என்கிற இடத்தில் 'கோபுரப் பராமரிப்பாளர், ஓய்வு' என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு 'வரலாற்று ஆசிரியர்' என்று எழுதுங்கள். சின்ன விஷயம்தான். ஆனால் நாளைக்கு யாராவது எடுத்துப் படிப்பார்கள், ஓர் ஆவணத்தில் தவறான தகவல் இருந்தால் எனக்குப் பொறுக்காது.